மெஸ்கீத்தே தெருவில் யாரும் நம்பாத தண்ணீர்

2019 டிசம்பர் 28, சனிக்கிழமை. மெக்சிகோ நகரின் தென்கிழக்கில், இஸ்தபாலாபா குன்றுச் சரிவிலுள்ள மெஸ்கீத்தே தெருவில், நண்பகல் வாக்கில் குழாயில் தண்ணீர் வந்தது. அது தண்ணீர் விடும் நாள் அல்ல.

முதலில் பார்த்தவர் தோன்யா தோமாசா. தோன்யா என்பது வயதான பெண்களை அழைக்கிற மரியாதைச் சொல். தெரு ஏறத் தொடங்குகிற இடத்தில் சோள ரொட்டியான தோர்த்தியா சுட்டு விற்கிற அவருடைய கடை இருக்கிறது. சோள மாவு பிசைகிற தொட்டிக்கு மேலே உள்ள குழாயை அவர் முழுதாக மூடுவதே இல்லை. அது இருமினால் காற்று, துப்பினால் தண்ணீர். அன்று துப்பியது. மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீலத் துளிப் படம் போட்டார். கீழே எழுதினார்: "தண்ணி வந்துருச்சு. கலங்கல்கூட இல்ல, எடுத்த எடுப்பிலேயே தெளிவு. எல்லாரும் திறங்க."

பதிலுக்கு ஒரு சிரிக்கும் முகம் வந்தது. பிறகு சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க தோன்யா."

"எங்க வீட்டுக் குழாய்ல பீர் வருது. யாருக்கு எத்தனை டம்ளர்?"

"வேற யாராச்சும் ஏமாறுவாங்க, போய்ப் பாருங்க."

டிசம்பர் இருபத்தெட்டு மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்றைக்கு ஊர் முழுக்கப் பொய் சொல்ல அனுமதி உண்டு. சர்க்கரை டப்பாவில் உப்பு இருக்கும், பத்திரிகையில் நடக்காத செய்தி வரும், அன்று இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. நம்பியவனைப் பார்த்து "அப்பாவி!" என்று கத்துவார்கள், அவ்வளவுதான், கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்ற வருடம் இதே தேதியில் தோன்யா தோமாசா இதே துளியைப் போட்டு, தெருவையே ஓடவிட்டார். நடுத்தெரு மெக்கானிக் ருத்தீலியோ பாதி முகம் சவரம் செய்த நிலையில் மோட்டாரைப் போட வெளியே ஓடிவந்ததை எதிர்வீட்டுக்காரர்கள் படம் பிடித்தார்கள். அந்தப் படம் மார்ச் மாதம் வரை குழுவில் சுற்றியது.

குழுவை நடத்துபவன் எவேலியோ. தெருவின் உச்சியில், அதற்குமேல் கற்றாழையும் எரிமலைக் கல்லும்தான் என்கிற இடத்தில் அவனுடைய வீடு. ஆட்டோ மாதிரியான மூன்று சக்கர மோட்டோடாக்சி ஓட்டுகிறான். மூன்று வருடங்களுக்கு முன்பு குழுவை ஆரம்பித்தபோது அதன் தேவை எளிமையானதாக இருந்தது. வாரத்தில் ஒருமுறை தண்ணீர் விடுவார்கள். எந்த நேரம் என்று குடிநீர் அலுவலகத்துக்கே தெரியாது. முதலில் வருவது சேறு. சேறு சம்ப்பில் இறங்கிவிட்டால் பழைய தண்ணீரும் கெட்டுவிடும் என்பதால் தெருவில் எல்லோரும் வாசலில் உள்ள கேட் வால்வை மூடியே வைத்திருப்பார்கள். யாராவது வாசலில் காவல் இருந்து, தெளிந்த பிறகு திறக்க வேண்டும். அந்தக் காவலை எவேலியோ ஒழித்தான். கீழே தோன்யா தோமாசா பார்ப்பார். சேறு வந்தால் சாக்லேட் கோப்பைப் படம், தெளிந்தால் நீலத் துளி. துளி வந்ததும் தெரு முழுவதும் வால்வுகள் திறக்கும், மோட்டார்கள் உறுமும். வேலைக்குப் போன இடத்தில் துளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டுக் கத்துகிறவர்களும் உண்டு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோவார்.

குழு வந்ததிலிருந்து ஒருவர் வீட்டிலும் சேறு இறங்கவில்லை. ஆனால் உச்சி வீட்டில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. குழாய் பழசு, ஏற்றம் செங்குத்து, அங்கே என்ன செய்ய முடியும் என்றார்கள். எவேலியோவும் அப்படித்தான் நினைத்தான். தண்ணீர் லாரி ருத்தீலியோவின் பட்டறை வரைக்கும்தான் ஏறும். அதற்குமேல் தெரு ஒடுங்கிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. மோட்டோடாக்சி மட்டும் முக்கி முனகி ஏறும். லாரி வருகிற நாட்களில் எவேலியோ தன் வண்டியின் பின்சீட்டில் பயணிக்குப் பதிலாக டிரம்மை உட்காரவைத்துக் கயிற்றால் கட்டி ஏற்றிவருவான். அவன் மனைவி யாதிரா அந்த டிரம்முக்குப் பெயரே வைத்திருந்தாள். மாமனார் வந்துட்டார், இறக்கு, என்பாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் யாதிராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளை நகரத்தின் வடக்கே இருக்கும் அவள் அக்கா பிரிஹிதாவின் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். பிரிஹிதா அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. "நீ நல்லவன்தான் எவேலியோ, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தையல் காயாத பொண்ணையும் பச்சப்புள்ளயையும் ஒரு டிரம் தண்ணிய நம்பியா கூட்டிட்டுப் போவ?" ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வண்டி மாறிப் போவான். மைத்துனியின் கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டிருப்பான். கிளம்பும்போது யாதிரா வாசல்வரை வந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில், "சம்ப்பு பாதி ரொம்புனா போதும். போட்டோ அனுப்பு. அன்னிக்கே வந்துர்றேன்" என்பாள். ஒருமுறை, "அக்கா குளிப்பாட்டுறப்ப குழாயத் திறந்தே வச்சிருக்கா. எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. மூடிட்டு வர்றேன், மறுபடி திறக்கிறா" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் முறைத் தண்ணீரும் வரவில்லை. எங்கோ பம்பு பழுதென்றார்கள். எவேலியோவின் சம்ப்பு காய்ந்து, அடியில் வெடித்த மண் தெரிந்தது.

தோன்யா தோமாசாவின் துளி வந்தபோது அவன் வீட்டு முற்றத்தில் வண்டிக்கு பிரேக் வயர் மாற்றிக்கொண்டிருந்தான். படித்தான். தேதியைப் பார்த்தான். சிரிக்கும் முகம் ஒன்றை விரல் தேடிவிட்டது, ஆனால் போடவில்லை. தேவை இருக்கிறவன் பொய்யைக்கூட ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவான். எழுந்துபோய்க் குழாயில் காது வைத்தான். உள்ளே யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். கேட் வால்வைத் திருகினான்.

முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர், மணிக்கட்டு கனத்துக்கு, சம்ப்பின் அடிமண்ணில் அறைந்து விழுந்தது. அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை அவன் கேட்டதில்லை. விரல் கனத்துக்கு வந்தாலே இங்கே கொண்டாட்டம். குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தான். தெளிவு, குளிர்ச்சி, கொஞ்சம் குளோரின் வாசனை.

கைபேசியை எடுத்தான். சிரிக்கும் முகங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. குழாய் பழசில்லை, ஏற்றமும் காரணமில்லை. இன்று கீழே ஒருவரும் திறக்கவில்லை, ஒரு மோட்டாரும் உறுமவில்லை. அதனால் தண்ணீர் மூடிய வால்வுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் திறந்திருந்த ஒரே வீட்டுக்கு முழுதாக வந்து விழுகிறது. மூன்று வருடங்களாகத் தன் சம்ப்பைக் காயவைத்தது தான் ஆரம்பித்த குழுதான்.

"தோன்யா சொன்னது உண்மை" என்று தட்டினான். அனுப்பவில்லை. கைபேசியைக் கவிழ்த்து டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டு, சம்ப்பின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். தண்ணீர் மண்ணை மூடியது, மூலையில் கிடந்த உடைந்த சோப்புப் பெட்டியைத் தூக்கி மிதக்கவிட்டது.

கைபேசி அதிர்ந்தது. தோன்யா தோமாசா.

"மவனே, இந்தக் கழுதைங்க ஒண்ணும் என்னை நம்ப மாட்டேங்குதுங்க. செத்துப்போன என் புருஷன் மேல சத்தியம் பண்ணியும் சிரிக்கிறானுங்க. 'அவரும் இருபத்தெட்டாம் தேதிதான் செத்தாரா'ன்னு கேக்குறான் ஒருத்தன். நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

அவன் சம்ப்பின் விளிம்பிலிருந்து எழுந்துகொண்டான்.

"எவேலியோ? லைன்ல இருக்கியா? அது என்ன சத்தம்?"

"தண்ணி, தோன்யா."

"உன் வீட்டுலயா? அங்கயா?"

"ஆமா."

அந்தப் பக்கம் தோர்த்தியா எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிற சத்தம் கேட்டது. தோன்யா தோமாசா நாற்பது வருடமாக இந்தத் தெருவின் அடியில் உட்கார்ந்து அதன் ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"எவ்ளோ ஏறியிருக்கு?" என்றார்.

"கணுக்காலுக்கு மேல."

"சரி. என் மாவு காயுது. வைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

எவேலியோ யாதிராவைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவள், "இன்னிக்கு என்ன தேதி?" என்றாள்.

"தெரியும். ஆனா..."

"புள்ள பெத்தவகிட்டயா வெளையாடுற? இரு, அக்காகிட்ட குடுக்கிறேன், அவ பதில் சொல்லுவா."

"யாதிரா, கேளு." கைபேசியைச் சம்ப்புக்குள் நீட்டிப் பிடித்தான். சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே அந்தச் சத்தம் இன்னும் பெரிதாக இருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்ன கனம் எவேலியோ இது... தடதடன்னு கொட்டுதே" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குரூப்புல போட்டுட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"போடாத."

அவன் சம்ப்பை எட்டிப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம்தான் சொல்றேன். நான் கெட்டவ இல்ல. கொஞ்ச நேரம் போடாத. எனக்கு என் வீட்டுக்கு வரணும்."

போனை வைத்தான். சம்ப்புக்குள் இறங்குவதற்குச் சுவரில் இரும்புப் படிகள் பதித்திருக்கும். அடியிலிருந்து முதல் படியைத் தண்ணீர் தொட்டதும் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். தொட்டது. இரண்டாவது என்று நினைத்துக்கொண்டான். இடையில் எழுந்து அறையைப் பெருக்கினான், தொட்டில் கட்டப் போகிற கொக்கியை இழுத்துப் பார்த்தான், திரும்பி வந்து எட்டிப் பார்த்தான். இரண்டாவது படி முங்கியிருந்தது. சம்ப்பு பாதி. யாதிரா கேட்டது பாதிதான். படம் எடுத்தான், அவளுக்கு அனுப்புவதற்கு முன் குழுவுக்கு அனுப்பினான். "தோன்யா சொன்னது நிஜம். உச்சி வரைக்கும் வருது. திறங்க."

ருத்தீலியோ எழுதினான்: "நீயுமா அட்மின்?"

"எந்த வருஷப் போட்டோ இது? எவேலியோ வீட்டுல பாதி சம்ப்பா? பொய்யிலகூட ஒரு அளவு வேணும்யா."

வீடியோ அனுப்பினான். "இது யூடியூப்புல இருக்கு, நான் பாத்திருக்கேன்" என்று ஒருவர் எழுதினார். அவன் வீட்டில் தண்ணீர் கொட்டுகிறது என்பதே அவர்களுக்கு அது பொய் என்பதற்கான சாட்சியாக இருந்தது. குழாய் பழசு, ஏற்றம் செங்குத்து. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சொல்லியாகிவிட்டது. நம்பாதது அவர்கள் பாடு. மூன்றாவது படி, நான்காவது படி, அப்படியே மேல் தொட்டியும் நிறையட்டும் என்று மாடிக்குப் போய் அதன் மூடியைத் திறந்துவைத்தான். அங்கிருந்து தெரு முழுவதும் தெரியும். வெயில் சரிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய வண்ணக் காகிதத் தோரணங்கள் காற்றில் சலசலத்தன. அவற்றுக்குக் கீழே ருத்தீலியோ கைவண்டி தள்ளிக்கொண்டு ஏறிவந்தான். வண்டியில் நான்கு கேன் தண்ணீர். பெருந்தெருவில் யாரிடமோ வாங்கியிருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒருமுறை நின்று, சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவன் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் கீழே, மண்ணுக்குள், குழாய் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

எவேலியோ கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினான். "ருத்தீலியோ! தண்ணி வந்திருக்குய்யா! வால்வத் திற!"

ருத்தீலியோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா, ஆமா! என் மாமியாரும் வந்திருக்கா. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க!"

எவேலியோ கீழே இறங்கினான். வாளியைச் சம்ப்புக்குள் விட்டு மொண்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டான். டிசம்பர் மாதத் தண்ணீர் முதுகெலும்பைப் பிடித்து உலுக்கியது. இன்னொரு வாளி. அப்படியே, செருப்பு சளக் சளக்கென்று, தெருவில் இறங்கி ஓடினான். இரண்டு நாய்கள் கூட ஓடின.

ருத்தீலியோ செங்கல்லைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டான். எவேலியோவின் தலைமுடியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தான். சட்டையைப் பிடித்துப் பிழிந்தான். பிழிந்த கையை முகர்ந்தான்.

"கேன் தண்ணிய ஊத்திக்கிட்டு வந்தியா? என்னை ஏமாத்த இவ்ளோ செலவா?"

"கேன் தண்ணியில குளோரின் வாசனை வருமாடா மடையா?"

ருத்தீலியோ மறுபடி முகர்ந்தான். அவன் முகத்தில் சந்தேகம் ஒரு கன்னத்திலும் ஆசை மறு கன்னத்திலுமாக நின்றன. "இன்னிக்குக் குடுத்தது எதுவும் திரும்பாது, தெரியுமில்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் வால்வைத் திருகினான். திறந்த குழாயிலிருந்து தண்ணீர் அவன் எண்ணெய் படிந்த கால்சட்டையில் பீய்ச்சியடித்தது. அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அதற்குமேல் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் எவேலியோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே இறங்கினான். சிலர் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு கிழவர் ஈரக் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பின்னால் ஒவ்வொரு மோட்டாராக உறுமத் தொடங்குவது அவனுக்குக் கேட்டது. ஒவ்வொன்றும் யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறது என்பதும் தெரிந்தது. பற்கள் கிட்டிக்க, அடுத்த கதவைத் தட்டினான்.

கடைசியில் தோர்த்தியா கடை. தோன்யா தோமாசா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சத்தியம் பண்ணவள நம்பல. நனைஞ்சவன நம்புறாங்க. நல்ல தெருடா இது." துண்டொன்றை எடுத்து அவன் தலையில் போட்டு, தானே தேய்த்துவிட்டார், கொஞ்சம் அழுத்தமாகவே. "பாதி ரொம்பிச்சா?"

"பாதிக்கு மேல."

"அப்பறம் ஏன் ஓடிவந்த? இன்னும் ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தா மேல் தொட்டியும் ரொம்பியிருக்கும்ல?"

"ருத்தீலியோ கேன் தள்ளிட்டு வந்தான், தோன்யா."

"அவனா? போன மாசம் என் எந்திரத்த ரிப்பேர் பண்றேன்னு கெடுத்தவன்." சூடான தோர்த்தியாக்களைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்தார். நெஞ்சோடு பிடிச்சுக்கிட்டுப் போ, குளிருக்கு நல்லது, என்றார். காசு கொடுக்க ஈரப் பையில் கைவிட்டவனை, "அடுத்த வாரத்திலேர்ந்து உச்சி வீட்டுல திறந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் துளி போடுவேன். கேட்டா, கண்ணு தெரியலன்னு சொல்லிக்கிறேன்" என்று சொல்லித் துரத்தினார். அவன், "அப்படிப் பண்ணாதீங்க தோன்யா. எல்லார்கிட்டயும் நானே சொல்லிப் பாக்கிறேன்" என்றான். அவர் எந்திரத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கேட்டதா என்று தெரியவில்லை.

அவன் ஏறி வருவதற்குள் மணிக்கட்டு கனத்துத் தண்ணீர் விரலாகியிருந்தது. விரல் நூலாகி, நூல் சொட்டாகி, வெளிச்சம் இருக்கும்போதே நின்றுவிட்டது. மேல் தொட்டிக்கு ஒன்றும் ஏறவில்லை. சம்ப்பில் தண்ணீர் மூன்றாவது படியின் அடியைத் தொட்டு அசையாமல் நின்றது. வானம் அதில் ஒரு சதுரமாகத் தெரிந்தது. அதைப் படம் பிடித்து யாதிராவுக்கு அனுப்பினான். பதிலுக்குப் பிரிஹிதாவின் குரல் பதிவு வந்தது: "பொட்டி கட்டிட்டிருக்கா. சொன்னா கேக்க மாட்டேங்குறா. உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம்."

மறுநாள் குழுவில் எவேலியோ நீளமாக எழுதினான். கீழே இருப்பவர்கள் மேலே நிறையும்வரை மோட்டார் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை, இருபத்தெட்டாம் தேதி நடந்ததை வைத்து விளக்கியிருந்தான். தன் சம்ப்பு பாதி நிறையும்வரை அவர்களுக்குச் சொல்லாமல் இருந்ததையும் எழுதினான். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், தன் வீட்டிலும் கைக்குழந்தை இருப்பதாக எழுதினார். ருத்தீலியோ, "முதல்ல உன் தலையத் துவட்டு" என்று எழுதினான். முடிவு ஒன்றும் எட்டப்படவில்லை.

யாதிரா முப்பதாம் தேதி வந்தாள். அக்காவின் கணவர் காரில் பட்டறைவரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து மோட்டோடாக்சி. டிரம் உட்காரும் இடத்தில் அவள் குழந்தையோடு உட்கார்ந்தாள். தையல் இழுக்காமலிருக்க எவேலியோ பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி வண்டியைத் தள்ளினான். வீட்டில் அவள் முதலில் சம்ப்பின் மூடியைத் திறக்கச் சொல்லி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள்.

மதியம் தண்ணீர் சுடவைத்துச் சின்ன டப்பில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். மகள் முதலில் வீறிட்டாள், பிறகு வெதுவெதுப்பில் கைகளை விரித்துக்கொண்டு அமைதியானாள். யாதிரா கழுத்தடியில் நனைத்துத் துடைத்தாள். எவேலியோ தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். துவட்டி எடுத்த பின் டப்பிலிருந்த தண்ணீரைக் கழிவறை வாளியில் ஊற்றிவைத்தார்கள். மாலையில் அவன் சம்ப்பைத் திறந்து பார்த்தான். தண்ணீர் மூன்றாவது படியிலிருந்து நான்கு விரல்கடை இறங்கியிருந்தது.